அக்கா சிரித்த நான்கு விநாடி

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பாட்டைத் தெரியாமல் இருக்காது. வரிகளை இங்கே எழுதவேண்டியதில்லை. மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்தில் ரேடியோவில் வரும். முதலில் புல்லாங்குழல், பிறகு அந்த மெலிந்த ஆண் குரல். படம் ஓடவில்லை. இரண்டு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பாட்டு மட்டும் தங்கிவிட்டது. அதன் காட்சியை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. நானே போன மாதம்தான் பார்த்தேன். என் வீட்டைக் கெடுத்த காட்சியை நாற்பத்தைந்து வருடம் கழித்து, நாகர்கோவிலில் நான் சமைக்கிற பெண்கள் விடுதியின் அடுப்படியில், உள்ளங்கை அகல போனில் பார்த்தேன்.

காட்டியது என்னோடு காய் நறுக்குகிற பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். கத்தியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பாள்.

"சித்தி, நம்ம மாவட்டத்துப் பயலுவ ஒரு கவர் சாங் போட்டிருக்கானுவ. பாத்தியளா?"

"கவர்னா என்னட்டி?"

"பழைய பாட்ட எடுத்து அவனுவளே பாடி, அவனுவளே நடிச்சி விடுயது."

"ஏன், பழசு ஊசிப்போச்சா?"

"எம்மா, மொதல்ல கேளுங்க சித்தி. பொறவு பேசுங்க."

காதில் மாட்டுகிற ஒயரில் ஒன்றைத் தந்தாள். வலது காதில் வைத்துக்கொண்டேன். இடது காது எனக்குக் கேட்காது. அது ஏன் என்பதும் இந்தக் கதையில்தான் வரும்.

கிதார் சத்தம். பையன் மூச்சுவிடுவது போலப் பாடுகிறான். ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்குக் கீழே நடக்கிறான். பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண்களுக்கு நடுவே ஒரு பெண் ஓடுகிறாள். அப்புறம் கடல். மேலே பறக்கிற கேமராவில் எடுத்திருக்கிறார்கள். அலை அடிக்கிற கருங்கல் சுவர், அதற்குப் பின்னால் சிலுவை வைத்த ஒரு கோயில் கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்தேன். எங்கள் ஊர். மணல் போய்விட்டதால் உடனே பிடிபடவில்லை.

அந்தச் சுவர்மேல் அந்தப் பெண் தலையில் ஓலைக் கடவத்தோடு, அதுதான் மீன் கூடை, நடந்துவருகிறாள். பையன் எதிரே வந்து கண்ணடிக்கிறான். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள், ஒரு முழ இடைவெளியில்.

"எப்டி? கெத்தா இருக்கா?" என்றாள். "ஒரிஜினலும் கெடக்கு. இவனுவ வைரலானப் பொறவு யாரோ தேடிப்புடிச்சி ஏத்திவிட்டிருக்கான். கீழ ஒரே சண்ட, எது நல்லதுன்னு. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

அவள் கீரை கழுவப் போய்விட்டாள். நான் பழையதைத் தட்டினேன்.

எது நல்லது என்று என்னிடம் கேட்டால், அதற்கு முன்னால் ஒரு வருடத்தைச் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. அப்பா கட்டுமரக்காரர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் நான் படிக்கவேண்டும் என்பதில் ஒரு வெறி. என்னாலோ ஓர் இடத்தில் உட்காரமுடியாது. இன்றைக்கும் அப்படித்தான், ஒரு வேலையில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. முந்திரி ஆலை, ரப்பர் தோட்டம், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி ஆயா, குவைத்தில் வீட்டுவேலை என்று சுற்றியாயிற்று. அப்போது சுற்றுவதற்குக் கடப்புறம் மட்டும்தான் இருந்தது. அது அகலமான கடற்கரை. தென்னைகளிலிருந்து அலைக்குப் போவதற்குள் கால் சுட்டுவிடும்.

அந்தக் கடப்புறத்துக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஆறு நாள் இருந்தார்கள். தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். பாதியில் நிறுத்துவார்கள், மறுபடியும் முதலிலிருந்து. ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகளால் வெயிலைப் பிடித்து கதாநாயகியின் முகத்தில் அடிப்பார்கள். அவள் ஒற்றைக்காலைத் தூக்கி, இரண்டு கையையும் விரித்து நிற்பாள். நான் வாழ்நாளில் பார்த்ததிலேயே பெரிய அதிசயம் அது.

முதல் நாளே பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அங்கே நின்றேன். யாரோ சொல்லி அப்பா வந்தார். எல்லாருக்கும் முன்னால் இடது காதோடு சேர்த்து ஓர் அறை. காதிலிருந்து ரத்தம் வந்தது. பிறகு சீழ் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. அடித்ததற்கு அப்பா வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று சாப்பிடவில்லை. ஆனாலும் தெருமுனையில் அந்தோனியார் நிற்கிற குருசடிக்கு முன்னால் நிறுத்தி, "இனி ஒருநாள் பள்ளிக்கூடம் போவாம இருந்தியோ, அந்தோனியாரு சத்தியமா ஒன்ன உயிரோட விடமாட்டேன்" என்றார்.

மறுநாளும் போகவில்லை. பையைத் தென்னந்தோப்பில் ஒளித்துவைத்துவிட்டு, அப்பா கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்து நின்றேன். அக்காவுக்கு மட்டும் தெரியும். "வாங்கிக் கெட்டுனது போதாதாட்டி ஒனக்கு?" என்று கேட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை, ஒரு பத்து மணி இருக்கும். கரையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா கடவத்தில் சாளை மீன் ஏற்றிக்கொண்டு மேலே வந்தாள். கேமராக்காரருக்கு அது பிடித்துவிட்டது. "பிள்ளே, திரும்பப் போய் அதே மாதிரி நடந்து வா. இங்கே பார்க்காதே" என்றார். அன்று கதாநாயகன் ஊரிலேயே இல்லை. அவன் ஆறாம் நாள் வந்தான். தோப்புக்குள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்துவிட்டு, மாலையே காரில் போய்விட்டான். அக்கா அவனைப் பார்த்ததேயில்லை.

அக்கா நடந்துவந்தாள். கேமராவுக்கு வலப்பக்கம் கவிழ்ந்துகிடந்த வள்ளத்தின்மேல் நான் ஏறி நின்றேன். கதாநாயகி மாதிரி ஒற்றைக்காலைத் தூக்கினேன். கைகளை விரித்தேன். கண்களைச் செருகினேன். அக்கா பார்த்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பல் தெரியச் சிரித்துவிட்டாள். மீன்தண்ணீர் நெற்றியில் வழிய, கடவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும், நல்லாயிருக்கு" என்றார் கேமராக்காரர். அவ்வளவுதான். நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த சில மாதங்களில் அக்காவுக்கு இடம் அமைந்தது. மேற்கே இரண்டு ஊர் தள்ளி மாப்பிள்ளை. கொச்சியில் விசைப்படகுக்குப் போகிறவர். நேரில் வந்து பார்த்தபோது அக்காவிடம், "கடலு கலங்கினா நான் வீட்டுக்கு வரமாட்டேன், கொச்சியிலயே கெடப்பேன், பரவால்லியா?" என்று கேட்டாராம். அக்கா, "நல்லதாப் போச்சி, மீனு மிஞ்சும்" என்றாளாம். அவருக்கு அது பிடித்துவிட்டது. அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. கல்யாணப் பொருள்களை வைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, தலையில் போடுகிற வெள்ளை வலையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பாள். தினமும்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கவேண்டும் என்று. இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்து முடிந்தது. அந்த வாரம்தான் நாகர்கோவிலில் அந்தப் படம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார்.

அவர் வந்து முற்றத்தில் நின்று சத்தம்போட்டது எனக்கு நினைவிருக்கிறது. "அவன் கண்ணடிக்கான். ஒங்க மவ இளிக்கா. அவனும் திரும்ப இளிக்கான். ஊரு பூரா பாத்துட்டு இருக்கு ஓய்!"

அப்பா உட்பட ஆறு ஆண்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். நம்பமுடியாமல் அடுத்த காட்சியும் இருந்து பார்த்தார்கள். அப்பா திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்தார். வலையைப் பின்ன எடுத்து, பின்னாமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

சாமியார் நல்ல மனுஷன். ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. பூசை முடிந்த பிறகு சக்ரீஸ்தில், அதுதான் பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில், எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார், அப்பா, அம்மா, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித்தருகிற உபதேசியார். அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் சாமியாரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"சாமி, அவன் அண்ணைக்கு வரவே இல்ல. நான் அவனப் பாக்கவே இல்ல."

தாய்மாமன் சிரித்தார். "வராதவன் பின்ன எப்பிடி ஒன்னப் பாத்து சிரிச்சான்? பேயா?"

அவன் எந்த நாள் வந்தான், அக்கா எந்த நாள் நடந்தாள் என்று இத்தனை மாதம் கழித்து ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஒரு நாள் எடுத்ததையும் இன்னொரு நாள் எடுத்ததையும் வெட்டி ஒட்டுவார்கள் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. கண்ணால் கண்டது கண்டதுதான்.

"அப்படியென்றால் யாரைப் பார்த்துச் சிரித்தாய்?" என்று சாமியார் கேட்டார்.

"என் தங்கச்சியப் பாத்து."

அப்போது உபதேசியார் முன்னால் வந்தார். நான் அந்த வருடம் அவரிடம் புதுநன்மை வகுப்பில் இருந்தேன். முதல்முறை நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளை எங்கள் ஊரில் தனியாகத்தான் பார்ப்பார்கள். கெட்ட வார்த்தை காதில் விழாமல், சண்டை நடக்கிற வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். "சாமி, சின்னவளக் கேளுங்க. புதுநன்ம வாங்கப்போற பிள்ள பொய் சொல்லாது" என்றார் உபதேசியார். தாய்மாமனும் சரியென்று தலையாட்டினார். அதை இரண்டு ஊரும் ஒத்துக்கொள்ளும்.

அக்காவின் முகம் தெளிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

சாமியார் குனிந்து கேட்டார். "மகளே, பயப்படாதே. அன்றைக்குக் காலையில் நீ கடப்புறத்தில் நின்றாயா?"

சாமியாருக்குப் பின்னால் அப்பா நின்றார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.

"இல்ல சாமி. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடாதது. "பொய்" என்று கத்தியிருக்கலாம். என் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. முக்காட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் நூறு அடி தூரத்தில். வருகைப் பதிவு அங்கே மேசைமேல் கிடந்தது. போய்ப் பார்க்கலாம் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை சொல்லிவிட்டதே.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை கொச்சியிலிருந்து ஒரு சொல்கூட அனுப்பவில்லை. அடுத்த மாதமே அவருக்கு வேறு பெண்ணின் பெயரோடு ஓலை வாசித்தார்கள். அக்கா கோயில் வாசலில் மூன்று ஞாயிறு முழங்காலில் நிற்கவேண்டும் என்று ஊர்க் கமிட்டி சொன்னது. "நான் என்ன செஞ்சேன், முட்டு போட?" என்று கேட்டாள். நிற்கவில்லை. அதனால் மீன் ஏலம் போடுகிற இடத்தில் அவளுக்கு யாரும் மீன் கொடுக்கக்கூடாது என்றார்கள்.

டிரங்குப் பெட்டியில் இருந்த அந்த வெள்ளை வலையை வீணாகப் போகக்கூடாது என்று அம்மா வெட்டித் தைத்தாள். அதுதான் என் புதுநன்மை முக்காடு. அக்காதான் ஊசி குத்தி மாட்டிவிட்டாள். ஊசி தலையில் படாமல் பார்த்துப் பார்த்துக் குத்தினாள்.

நற்கருணைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நின்று, முழங்காலிட்டு, பலகை ஓட்டை வழியாகச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் சாமியார் முன்னால் சாய்ந்தது தெரிந்தது.

"மகளே, இங்கே கேட்டதை நான் வெளியில் சொல்ல முடியாது. சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும். உன் அப்பாவிடம் போய்ச் சொல்வாயா?"

"சொல்லுவேன் சாமி."

பத்து முறை ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லவேண்டும் என்று அபராதம். அதை முடித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளை உடையில் நாக்கை நீட்டி நற்கருணை வாங்கினேன். சாமியார் என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். என்னிடம் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அக்கா எதிரே வந்தால் மட்டும் வழியை மாற்றிக்கொள்வார். அவளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? சாமியாரே தன்னைப் பார்க்கக் கூசுகிறார் என்றுதான். ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றலாகிவிட்டது.

ஏஜென்ட் ஒருவன் வந்து பெண்பிள்ளைகளைக் குஜராத்துக்கு இறால் உரிக்க அழைத்துப்போனான். அக்கா பேர் கொடுத்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினொரு வருடம் ஐஸ் தண்ணீரில் கையை வைத்து இறால் உரித்தாள். திரும்பி வந்தபோது விரல்நுனிகளில் தோல் இல்லை, நகங்கள் பாதிதான் இருந்தன. கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. இதற்குள் நானும் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டிருந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்துக்காகப் பொய் சொன்னேனோ, அதில் அதற்கப்புறம் முழுதாக ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

இனி அந்தப் பழைய வீடியோ. படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு. நிறம் வெளுத்துப் போயிருக்கிறது. ஆனால் மணல் இருக்கிறது. எங்கள் மணல், அத்தனை அகலத்துக்கு. கதாநாயகன் தோப்புக்குள் கண்ணடிக்கிறான். அடுத்து அக்கா. அடுத்து அவன் சிரிக்கிறான். மூன்று துண்டுகள். அவனுக்குப் பின்னால் தென்னை, அக்காவுக்குப் பின்னால் கடல். இரண்டு பேரும் ஒரு நொடிகூட ஒன்றாக இல்லை. இன்றைக்குப் பார்க்கிற எந்தச் சிறுபிள்ளைக்கும் புரியும். அக்கா நிற்பது நான்கு விநாடி. நிறுத்தி எண்ணினேன்.

புதியதையும் பழையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். புதியதில் பையனும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். எங்கள் ஊர் ஆண்கள் ஆறு பேர் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்ன காட்சி இதுதான். பழைய பாட்டில் இல்லாத காட்சி. அதை எடுக்க நாற்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. புதியதில் அந்தப் பெண்ணின் காலடி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மூட்டமான நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். பழையதில் அக்காவின் கால்களுக்கு முன்னால் மணலில் ஏதோ கருப்பாகக் கிடந்தது. விரலால் பெரிதாக்கினேன். நிழல்கள். கேமராவின் கால்கள் மூன்று. கேமராவுக்குப் பிடித்த குடையின் நிழல். அதற்கு வலப்பக்கம் ஒரு சின்ன உருவம். இரண்டு கையையும் விரித்து, ஒற்றைக்காலில்.

அந்த ஆறு பேரும் மேலேயே பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை.

"சித்தி, எது கெத்து?" என்று அந்தப் பெண் வந்து கேட்டாள். கீரை கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். அக்கா சுனாமி குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்துத் துணித்துண்டு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, வேலைய விட்டுட்டியா?"

"இல்ல. லீவு."

"நீ லீவு எடுக்கப்பட்டவளா? விட்டுட்டுத்தான் வந்திருப்ப. சோறு தின்னுதியா?"

பொறவு தின்னுதேன் என்று, அந்தப் பெண் இரண்டையும் ஏற்றித் தந்திருந்த என் போனை எடுத்தேன். தைரியம் வராமல் முதலில் புதியதைப் போட்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுதும் பார்த்தாள்.

"இது யாரு?"

"நடிக்கிற பிள்ள. ஒன்ன மாதிரி நடிக்கா."

"கடவத்துல ஒரு மீனு கூட இல்லியே. வெறுங்கடவத்தச் சொமக்கயதுக்கா இந்த இளிப்பு?"

பிறகு பழையதைப் போட்டேன். இது என்ன என்று நான் சொல்லவில்லை. புல்லாங்குழல் வந்ததும் அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். எந்தக் காட்சிக்காக அவள் வாழ்க்கை போயிற்றோ, அதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்று பஸ் ஏறிப்போன ஆறு பேரில் அவளைக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா வந்தாள். நான் நிறுத்தினேன்.

"அக்கா, கீழ பாரு. மணல்ல. நெழலு தெரியுதா? அது நாந்தான்." விரலை அந்த இடத்தில் வைத்தேன். தொட்டதும் போனில் அந்த முக்கோணக் குறி எழும்பி அவள் முகத்துக்கு மேலேயே வந்து நின்றது.

"வெரல எடுட்டி. மொகம் மறையுது."

"நான் அண்ணைக்குப் பள்ளிக்கூடம் போவல அக்கா. சாமியார்ட்ட பொய் சொன்னேன். அப்பா அடிப்பாருன்னு..."

"அது எனக்குத் தெரியாதா? ஒன்னப் பாத்துதான சிரிச்சேன்." கண்ணை போனிலிருந்து எடுக்காமல் சொன்னாள். "கையத் தள்ளி வையி. எப்பிடிப் போடணும், இன்னொருக்கா போடு."

போட்டேன். இன்னொரு முறை போட்டேன். அந்தக் குறுகிப்போன விரல்களால் போனைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் மீன்தண்ணீர் வழியச் சிரிக்கிற அந்தப் பத்தொன்பது வயதுக்காரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிழலை அவள் பார்க்கவேயில்லை.

"இந்தப் பிள்ளையயா வேண்டாம்னு சொன்னாவ?" என்றாள்.

என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.